சாமியார் எப்போதாவது வந்த காலம்

காஜாங் என்றால் இன்றைக்குச் சாத்தே. நூறு ஆண்டுகளுக்கு முன் ரப்பர். அதற்கும் முன் காப்பி. 1890-களின் நடுவில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் இங்குள்ள இன்ச் கென்னத் தோட்டத்தில் ரப்பர் கன்றுகளை நட்டார்கள். மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்ட முதல் முயற்சிகளுள் அதுவும் ஒன்று. அந்த மரங்களில் பால்வெட்டத் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்துக்கள். ஊடே சில கிறிஸ்தவக் குடும்பங்களும் வந்தன. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பத்து வீடு தள்ளி ஒரு வீட்டில் மட்டும் மாதா படமும் அதன்முன் ஒரு விளக்கும் இருக்கும்.

இந்தக் குடும்பங்களுக்குக் கோயில் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. சாமியார் மாதத்துக்கு ஒருமுறையோ, அதைவிட அரிதாகவோ வருவார். லுத்தரன், மெதடிஸ்ட் குடும்பங்களுக்கும் போதகர் அப்படித்தான். நடுவில் ஓர் உபதேசியார் சைக்கிளில் வந்து போவார். மறைக்கல்வி வகுப்பு, வாலிபர் முகாம், பாடல் ஒளிரும் திரை என்று எதுவும் கிடையாது. அப்படியிருந்தும் அந்தத் தலைமுறை தன் நம்பிக்கையைப் பிள்ளைகளிடம் சேர்த்துவிட்டது. இன்று காஜாங்கில் எந்தத் தாமானிலிருந்தும் காரில் சிறிது நேரத்தில் கோயிலுக்குப் போய்விடலாம். ஞாயிறு வகுப்புக்குப் பாடநூலும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். ஆனால் உறுதிப்பூசுதல் முடிந்த கையோடு பிள்ளைகள் கோயில் பக்கம் வருவதில்லை என்பது எந்தப் பங்கிலும் கேட்கிற புலம்பல். சபைகளில் திடப்படுத்தலுக்குப் பிறகும் இதே கதைதான்.

இதை ‘காலம் கெட்டுப்போச்சு’ என்று தள்ளிவிடுவது எளிது. என் எண்ணம் வேறு. கோயில் தூரத்தில் இருந்ததால் வீடு அந்த வேலையைச் செய்தது. கோயில் பக்கத்தில் வந்ததும் வீடு அதைக் கோயிலிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. பிள்ளைக்கு எளிய, சந்தேகமில்லாத நம்பிக்கை பிறவியிலேயே வந்துவிடுகிறது, பெரியவர்கள் அதைக் கெடுக்காமல் இருந்தால் போதும் என்கிற பேச்சிலும் எனக்கு உடன்பாடில்லை. அது அன்றாடம் செய்து பழகுகிற வீட்டு வேலை. தமிழ்க் கிறிஸ்தவத்தின் வேர்களைத் தோண்டிப் பார்த்தால் இது தெரியும்.

பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழும் தம் மொழியும் அறிந்த உள்ளூர்க்காரர்களை வைத்துச் சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த செபம், பத்துக் கட்டளை, மங்கள வார்த்தை ஆகியவற்றைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்துகொண்டு, மணியடித்தபடி தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து ரோமாபுரிக்கு எழுதிய கடிதத்தில் இதை விவரிக்கிறார். அதில் முக்கியமான செய்தி, அவர் பிள்ளைகளுக்கு இட்ட கட்டளை: கற்றதைப் போய்த் தாய் தகப்பனுக்கும், வீட்டாருக்கும், அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். நோயாளி வீட்டுக்குத் தம்மால் போக முடியாதபோது பிள்ளைகளையே அனுப்பிச் செபிக்கச் செய்தார். பல ஊர்களுக்கு ஒரே குரு. வேறு வழியில்லாமல் வீட்டை நம்பினார். அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. 1545-இல் அவர் மலாக்காவுக்கும் வந்தார். இறந்த பிறகு 1553-இல் சில மாதங்கள் அவர் உடல் அங்கே புனித பவுல் குன்றில் புதைந்திருந்தது. முத்துக்குளித்துறையையும் மலாயாவையும் முதலில் இணைத்த பெயர்களில் அவருடையதும் ஒன்று.

சவேரியாரின் கடிதங்களில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. மேடைகளில் அதைச் சொல்வதில்லை. தாம் பழக்கிய பிள்ளைகள் பெற்றோரின் சிலை வழிபாட்டைத் தம்மிடம் வந்து சொன்னதையும், சிலைகளை உடைத்ததையும் அவர் பெருமையோடு எழுதுகிறார். பிள்ளையின் நம்பிக்கையைப் பிடித்து அதைப் பெற்றவர்மீதே ஏவிய செயல் அது. மூன்றாம் வீட்டில் பிள்ளையார் படம், நான்காம் வீட்டில் குர்ஆன், நம் வீட்டில் சிலுவை என்று வாழ்கிற மலேசியத் தமிழனுக்கு அந்தப் பக்கத்தைப் படிக்கையில் உறுத்தும், உறுத்தத்தான் வேண்டும்.

லுத்தரன் மரபில் வீட்டின் பங்கு இன்னும் வெளிப்படை. பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் சீயோன் லுத்தரன் பேராலயம் 1924-இல் எழுந்தது. தமிழர்களை வைத்தே மலாயாவில் தொடங்கிய அந்தச் சபையின் வரலாறு 1907-க்குப் போகிறது. அதன் வேர் தரங்கம்பாடியில். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு, தமிழ் வாத்தியார் ஒருவரைத் தம்மிடத்திலேயே பள்ளி நடத்தச் சொல்லி, சிறுவர்களோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகியவர். அவர் தமிழாக்கியவற்றுள் மார்ட்டின் லூத்தரின் சிறிய ஞானோபதேசமும் உண்டு. 1529-இல் ஜெர்மனியில் அது வெளியானபோது முதலில் சுவரில் மாட்டும் அட்டைகளாகவே அச்சாயிற்று. ஒவ்வொரு பகுதிக்கும் லூத்தர் கொடுத்த தலைப்பு, குடும்பத் தலைவன் இதைத் தன் வீட்டாருக்கு எளிமையாக எப்படிக் கற்பிக்க வேண்டும் என்ற பொருளில் அமைந்தது. போதகருக்கும் வாத்தியாருக்கும் அதில் வேலை இருந்தது. ஆனால் பெயர் சொல்லி அழைத்தது வீட்டுத் தகப்பனைத்தான். பத்துக் கட்டளையில் ஒன்று, அதன் கீழே ஒரு கேள்வி, அதற்கு இரண்டு மூன்று வரியில் பதில். அவ்வளவுதான்.

இந்தக் கேள்விதான் கவனிக்க வேண்டியது. எளிய விசுவாசம் என்றால் கேள்வி கேட்காத விசுவாசம் என்று நம் சபைகளில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். லூத்தரின் ஞானோபதேசம் அப்படி இல்லை. கேள்வி இல்லாமல் ஒரு வரிகூட நகராது. யூதர்களின் பஸ்கா இரவு விருந்தும் வீட்டின் இளைய பிள்ளை கேள்வி கேட்காமல் தொடங்காது. இந்த இரவு மட்டும் ஏன் இப்படி என்று பிள்ளை கேட்ட பிறகுதான் தகப்பன் எகிப்திலிருந்து புறப்பட்ட கதையைச் சொல்வார்.

மெதடிஸ்ட் குடும்பங்களுக்குச் சூசன்னா வெஸ்லியை நினைவூட்டினால் போதும். எப்வொர்த் போதகர் வீட்டின் அந்தத் தாய், வாரத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அந்திப்பொழுதை ஒதுக்கித் தனியே உட்கார்ந்து பேசினார். பின்னால் மெதடிஸத்தின் நிறுவனரான ஜானுக்கு வியாழக்கிழமை. கணவர் ஊரில் இல்லாத காலத்தில் அவர் பிள்ளைகளுக்காகத் தம் வீட்டில் நடத்திய ஞாயிறு மாலை ஜெபத்துக்கு அக்கம்பக்கத்தாரும் வந்து, கூட்டம் இருநூறு பேரைத் தொட்டது. கோயிலில் கூட அவ்வளவு கூட்டம் இல்லை.

தோட்டத்துக்குத் திரும்புவோம். லயத்து வீட்டில் நம்பிக்கை எப்படி இயங்கியது? விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு. அதற்கு முன்பே அம்மா எழுந்து அடுப்பு மூட்டியபடி ஒரு செபம் சொல்லிவிடுவார். அது பிள்ளையின் தூக்கத்தில் விழும். மாலையில் குளித்து முடித்ததும் எல்லோரும் பாயில் உட்கார வேண்டும். செபமாலையை ஆரம்பிப்பது பெரும்பாலும் பாட்டிதான். பிள்ளைக்குப் பத்து மணியில் ஒரு மணி சொல்ல உரிமை உண்டு. புராட்டஸ்டண்டு வீடுகளில் ஒரு கீர்த்தனை, வேதவாசிப்பு, குடும்ப ஜெபம். வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரே என்றால் மற்றவர் கேட்டே கற்றார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பாடல்களை எழுத்தறியாத பாட்டிமார் வரி பிசகாமல் பாடியது இப்படித்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, தோட்டத்து ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டு போவார்கள். இரண்டில் எதையும் விடுவதில்லை. தேவநம்பிக்கையும் மருந்தும் ஒன்றுக்கொன்று எதிர் என்று அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அதைப் பொற்காலமாகப் பாடவும் நான் தயாரில்லை. செபத்தில் தூங்கி விழுந்த பிள்ளைக்குத் தொடையில் கிள்ளு. பாடம் மறந்தால் முழங்காலில் நிற்க வேண்டும். தண்டனைக்குப் பயந்து சொன்ன செபங்கள் ஏராளம். குடித்துவிட்டு வந்து அம்மாவை அடித்த அப்பா மறுநாள் செபத்துக்குத் தலைமை தாங்கிய வீடுகளும் இருந்தன. அந்த வீட்டுப் பிள்ளைகள் கடவுளைத் தகப்பன் என்று அழைக்க எவ்வளவு திணறியிருப்பார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

அந்தக் கேள்விக்கு ஓர் ஆய்வு ஓரளவு பதில் தருகிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் வெர்ன் பெங்ட்சன் தெற்குக் கலிபோர்னியாவில் 1970-இல் தொடங்கி, 350-க்கு மேற்பட்ட குடும்பங்களை நான்கு தலைமுறையாகத் தொடர்ந்து கவனித்தார். ஏறத்தாழ 3,500 பேர். அதன் முடிவுகள் 2013-இல் நூலாயின. பெற்றோரின் நம்பிக்கை பிள்ளைக்குப் போய்ச் சேர்வதைத் தீர்மானிப்பதில் உறவின் நெருக்கத்துக்கு, அதிலும் தகப்பனோடுள்ள நெருக்கத்துக்கு, பெரிய பங்கு உண்டு என்பது அவர் கண்டது. தகப்பன் எவ்வளவு பக்திமானாக இருந்தாலும் பிள்ளையிடம் ஒட்டுதல் இல்லாவிட்டால் பக்தி அந்தக் குறையை ஈடுகட்டுவதில்லை. தாத்தா பாட்டியின் செல்வாக்கையும் அவர் அழுத்திச் சொல்கிறார். கலிபோர்னியா வேறு, காஜாங் வேறுதான். ஆனால் நம் ஊர்க் கோயில் வளாகத்தில் ஞாயிறு காலை கொஞ்ச நேரம் நின்று பார்த்தவருக்கு இந்த முடிவு அந்நியமாகப் படாது. கார் வந்து நிற்கும், பிள்ளை இறங்கும், அப்பா கார்க் கண்ணாடியை இறக்கி, ‘முடிஞ்சதும் போன் பண்ணு’ என்பார். வகுப்பு முடியும்வரை பக்கத்துக் கடையில் ரொட்டி சானாய், தே தாரிக், கைப்பேசி. அவர் கெட்டவர் இல்லை. பிள்ளைக்காகத் தூக்கத்தை விட்டு வந்தவர்தான். டியூஷனுக்கு விடுவது போல இதற்கும் விடுகிறார். கற்றுக்கொடுக்க வேண்டியவர் உள்ளே இருக்கிறார் என்று நிம்மதியாக நம்புகிறார்.

கணக்கைப் பாருங்கள். பள்ளி விடுமுறையும் திருநாட்களும் போக மறைக்கல்விக்கு ஆண்டில் நாற்பது ஞாயிறு கிடைத்தால் அதிகம். வாரம் ஒரு மணி என்றால் நாற்பது மணி நேரம். வீட்டில் இரவுக்குப் பத்து நிமிடம் என்றால் ஆண்டுக்கு அறுபது மணி நேரம். அந்தப் பத்து நிமிடத்தை விட்டுவிட்டு, நாற்பது மணி நேரம் பலன் தரவில்லை என்று ஆசிரியைமீது குறைப்படுகிறோம்.

பள்ளிக்கூடமும் கைகொடுக்காது. மலேசிய அரசுப் பள்ளிகளில் முஸ்லிம் பிள்ளைகளுக்கு இஸ்லாமியக் கல்வி. மற்றவர்களுக்கு நன்னெறிக் கல்வி. எஸ்.பி.எம். தேர்வில் பைபிள் அறிவு என்று விருப்பப் பாடம் ஒன்று உண்டு. அதை எடுப்பவர் சொற்பம், சொல்லித்தருவது சபைகளே. 2010 மக்கள்தொகைக் கணக்கின்படி மலேசிய இந்தியர்களில் கிறிஸ்தவர்கள் 6.0 விழுக்காடு, அதாவது ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். தமிழ்ப் பள்ளி வகுப்பில் நம் பிள்ளை ஒருவரோ இருவரோ. தைப்பூசத்துக்கு வகுப்பே பத்துமலைக் கதை பேசும்போது, வீட்டுக்கு வந்து, ‘நாம மட்டும் ஏம்மா போறதில்ல?’ என்று பிள்ளை கேட்கும். சிறுபான்மைக்குள் சிறுபான்மையாக வாழும் குடும்பத்தில் வேதபாடம் இப்படித்தான் தொடங்குகிறது.

இந்த இடத்தில் பெற்றோர் சொல்லும் பதிலில்தான் நம்பிக்கையின் நிறம் தீர்மானமாகிறது. ‘அது பேய், அங்கே போனால் பாவம்’ என்பது ஒரு பதில். சுலபமானது, உடனே வேலை செய்யும். ஆனால் அந்தப் பேய்க்குள்தான் பிள்ளையின் உயிர்த்தோழியும், தீபாவளிக்கு முறுக்கு கொடுத்தனுப்பும் அத்தையும் இருக்கிறார்கள். இன்றைக்கு இல்லாவிட்டாலும் பதினாறு வயதில் அந்தப் பிள்ளை தன் தோழியையோ அப்பாவின் கடவுளையோ விட நேரும். ‘அவங்க அப்படிக் கும்பிடறாங்க, நாம இயேசுகிட்ட பேசறோம், வா பேசலாம்’ என்று சொல்லி அங்கேயே கண்ணை மூடுகிற அம்மா வேறு விதமாக வளர்க்கிறார். இரண்டாவது பதில்தான் எளியது என்பேன். முதலாவதில் எளிமை இல்லை, அச்சம் இருக்கிறது.

எதைச் சொல்லித்தருவது என்பதிலும் நாம் தலைகீழாகப் போகிறோம். ரோமாபுரியில் எபிரேய மொழி அறிஞரான சோபியா கவலெத்தி, மொந்தெசோரி முறையில் தேர்ந்த ஜானா கொபியோடு சேர்ந்து, 1954 முதல் சிறு பிள்ளைகளின் சமய உணர்வைப் பல ஆண்டுகள் கூர்ந்து கவனித்தார். குழந்தைகள் மீண்டும் மீண்டும் போய் நின்ற இடங்கள் மிகச் சிலவே என்று கண்டார். ஆறு வயதுக்கு உட்பட்டவர்களிடம் நல்ல மேய்ப்பன் உவமைக்கு இருந்த இடம் வேறெதற்கும் இல்லை. மரத்தில் செய்த மேய்ப்பனும் ஆடுகளும் கையில் கிடைத்தால் பேசாமல் நெடுநேரம் நகர்த்திக்கொண்டிருப்பார்கள். அதனால் அவர் பாடத்தைக் கூட்டவில்லை, குறைத்துக்கொண்டே போனார். திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1910-இல் முதல் நற்கருணைக்குரிய வயதை ஏழு வாக்கில் இறக்கியபோதும் இதே கருத்துதான்: நற்கருணை சாதாரண ரொட்டி அல்ல என்று பிரித்தறியத் தெரிந்தால் போதும், முழு இறையியலும் வேண்டாம். நம் ஞாயிறு வகுப்புகளிலோ வண்ணம் தீட்டும் தாள், வினாடிவினா, விழாவுக்கு நடனப் பயிற்சி, போட்டிக்கு மனப்பாட வசனம். இத்தனைக்கும் நடுவில் பிள்ளை சும்மா உட்கார்ந்து கடவுளோடு ஒரு வார்த்தை பேச ஐந்து நிமிடம் கிடைப்பதில்லை.

மொழிச் சிக்கலையும் மறைக்க வேண்டாம். காஜாங், செமினி, பாங்கி தாமான்களில் வளரும் பிள்ளைகளில் பலர் தேசியப் பள்ளிக்குப் போகிறவர்கள். தமிழ் காதுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. தமிழ் ஆராதனையில் ரோமன் எழுத்தில் வரும் பாட்டைப் பார்த்துப் பாடுகிறார்கள், பொருள் பாதி பிடிபடுகிறது. இதைக் கண்டு கலங்குகிற மூப்பர்களுக்கு நான் சொல்வது ஒன்று: லயத்துப் பாட்டியும் எழுத்தறியாதவர்தான். தமிழ்ச் செபம் எழுத்தால் அல்ல, வாயால் வந்தது. பாட்டி இன்னும் வீட்டில் இருந்தால் பிள்ளையை அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். இல்லாவிட்டால், அந்தப் பிள்ளை எந்த மொழியில் கனவு காண்கிறதோ அந்த மொழியில் செபிக்கட்டும். தமிழைக் காப்பதும் விசுவாசத்தைக் காப்பதும் இரண்டு நல்ல வேலைகள். ஒன்றுக்கு மற்றதைப் பிணையாக வைக்கக் கூடாது.

நம்பி விடுகிற மனத்தைக் காசாக்குகிறவர்களைப் பற்றியும் சொல்லாமல் முடியாது. கிள்ளான் பள்ளத்தாக்கில் கடைவீட்டு மாடிகளில் தமிழ்ச் சபைகள் நிறைய முளைத்திருக்கின்றன. தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்கு வந்து தனிமைப்பட்ட பலரைப் பெயர் சொல்லி விசாரித்து அரவணைத்தவை அவற்றுள் உண்டு. பழைய சபைகள் அதைச் செய்யத் தவறின என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் காணிக்கையின் அளவைப் பொறுத்து ஆசீர்வாதம் என்றும், மாத்திரை சாப்பிட்டால் விசுவாசக் குறைவு என்றும் மேடையேறிச் சொல்வோரும் இருக்கிறார்கள். இன்சுலினை நிறுத்தியவருக்கு நோய் முற்றினால், ‘உனக்கு நம்பிக்கை போதவில்லை’ என்று பழி அவர்மேலேயே விழும். சிறுபிள்ளையைப் போல் ஆகுங்கள் என்று இயேசு சொன்னது தேவனைப் பற்றிக்கொள்வதற்கு. போதகரிடம் ஏமாறுவதற்கு அல்ல. வீட்டில் கேள்வி கேட்டுப் பழகிய பிள்ளை அந்த மேடையின் முன்னால் நின்றும் கேட்கும்.

கேள்வி வளர்ந்து சந்தேகமாவதும் உண்டு. அதற்குப் பதறத் தேவையில்லை. பிரெஞ்சுத் தத்துவவாதி பால் ரிக்கர் 1960-இல் எழுதிய நூலில், விமரிசனத்தின் பாலைநிலத்தைக் கடந்தவன் மறுபடி அழைப்புக்குச் செவிகொடுக்கும் இரண்டாம் வெகுளித்தனம் ஒன்றைப் பற்றிப் பேசுகிறார். முதல் வெகுளித்தனம் போனால் திரும்பாது; இரண்டாவது வரலாம். என் பார்வையில், நம் பல்கலைக்கழகப் பிள்ளைகள் அங்கே போய்ச் சேர்வதும் சேராததும் அவர்கள் விட்டுப்போகும்போது வீடு எப்படி நடந்துகொண்டது என்பதைப் பொறுத்தது. ‘கோயிலுக்கு வராதவனுக்கு இங்கே சோறு கிடையாது’ என்ற வீட்டுக்கு அவர்கள் திரும்புவது கடினம்.

திருச்சபைகள் இதை அறியாதவை அல்ல. குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் அழைத்தது. தீபகற்ப மலேசியக் கத்தோலிக்கக் குருக்கள் 1976-இல் பினாங்கில் ஒரு மாதம் கூடி யோசித்ததன் பலனாக, அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து செபிக்கும் அடிப்படைச் சமூகங்கள் உருவாயின. நம் மக்கள் அதைப் பி.இ.சி. என்பார்கள். அருமையான ஏற்பாடு. ஆனால் பல இடங்களில் அது பெரியவர்கள் கூடி வாசகம் வாசித்துப் பலகாரம் சாப்பிட்டுக் கலையும் கூட்டமாயிற்று. பிள்ளைகள் உள்ளறையில் கைப்பேசியோடு. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லா வழிபாட்டுத் தலங்களும் மூடியபோது வீடு மறுபடி லயத்து நிலைக்கு வந்தது: கோயிலும் இல்லை, சாமியாரும் இல்லை. சில வீடுகளில் தொலைக்காட்சியின் முன் திருப்பலியைப் பார்த்ததோடு சரி. வேறு சில வீடுகளிலோ பல ஆண்டுகளில் முதல்முறையாக அப்பா தம் வாயால் செபம் சொன்னார். தடுமாறித்தான் சொன்னார். பிள்ளைகள் அதை மறக்கவில்லை. கோயில் திறந்ததும் அந்த அப்பாக்கள் பழையபடி காரோட்டிகளானார்கள். அந்த வாய்ப்பைப் போகவிட்டது நம் தவறு.

எனவே காஜாங் திருக்குடும்ப ஆலயத்துப் பங்குக்கும், கிள்ளான் பள்ளத்தாக்கின் மற்றத் தமிழ்ச் சபைகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டுத் திட்டம் போடும்போது பிள்ளைகளுக்குப் புதிய நிகழ்ச்சி எதையும் சேர்க்காதீர்கள். இருப்பதில் இரண்டைக் குறையுங்கள். அந்த நேரத்தில் மாதம் ஒரு ஞாயிறு, பிள்ளையைக் கொண்டுவந்து விடும் தகப்பனையும் வகுப்புக்குள் அழைத்துப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவருக்குப் பாடம் நடத்த வேண்டாம். இரவில் வீட்டில் பத்து நிமிடம் எதைச் சொல்லலாம், பிள்ளை எதையாவது கேட்டால், ‘எனக்கும் தெரியல, சேர்ந்து பார்ப்போம்’ என்று எப்படிச் சொல்லலாம் என்பதை மட்டும் காட்டிக்கொடுங்கள்.